எஸ்க்யூலைட்ல தசம எண்ணை பைசா சுத்தமா சேமிக்கிறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடை பில்லிங், சீட்டு கணக்கு, வீட்டு செலவு ஆப்னு எதை எழுத ஆரம்பிச்சாலும் கைக்கு முதல்ல வர்றது எஸ்க்யூலைட்ங்கிற டேட்டாபேஸ் தான். ஒரே ஒரு ஃபைல், சர்வர் வேணாம், பாஸ்வேர்டு வேணாம், ஆண்ட்ராய்டு ஃபோன்லயே ஏற்கனவே இருக்கு. ரிச்சர்ட் ஹிப் 2000-ல வெளியிட்டது, இன்னைக்கு வரைக்கும் யார் வேணா காசில்லாம எடுத்துக்கலாம். எனக்கு ரொம்ப பிடிச்ச சாஃப்ட்வேர், ஆனா பணத்த அதுல எப்படி வைக்கிறதுன்ற ஒரு விஷயத்துல மட்டும் புதுசா வர்றவங்க பாதி பேர் மாட்டிக்கிறாங்க, நானும் மாட்டியிருக்கேன். என்கிட்ட திரும்ப திரும்ப வர்ற கேள்விகளை எல்லாம் சேர்த்து ஒரே இடத்துல எழுதுறேன்.

கேள்வி: டேபிள்ல டெசிமல்(10,2)னு, அதாவது மொத்தம் பத்து இலக்கம், அதுல புள்ளிக்கு அப்புறம் ரெண்டுன்னு போட்டிருக்கேனே, அது போதாதா?

போதாது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் மாதிரி மத்த டேட்டாபேஸ்ல டெசிமல்னு போட்டா நிஜமாவே தசம எண்ணா வைக்கும். எஸ்க்யூலைட்ல அந்த மாதிரி ஒரு வகையே கிடையாது. உள்ள இருக்கிறது மொத்தமே அஞ்சு தான்: நல் (காலி), இன்டிஜர் (முழு எண்), ரியல் (புள்ளி வச்ச எண்), டெக்ஸ்ட் (எழுத்து), ப்ளாப் (அப்படியே வைக்கிற பைட்டுகள்). நீங்க ஃபீல்டுக்கு எழுதுற டைப் பேரை அது ஒரு குறிப்பா மட்டும் எடுத்துக்கும். பேருக்குள்ள 'இன்ட்'னு எழுத்து இருந்தா இன்டிஜர், 'கேர்', 'டெக்ஸ்ட்' இருந்தா டெக்ஸ்ட், 'ரியல்', 'டபுள்', 'ஃப்ளோட்' இருந்தா ரியல்னு வரிசையா பார்த்துட்டு வரும், எதுலயும் சேரலன்னா நியூமெரிக்னு விட்டுடும். டெசிமல் இந்த கடைசி கூட்டத்துல தான் போய் சேரும். அடைப்புக்குள்ள போட்ட 10,2-வ கண்டுக்கவே கண்டுக்காது.

நியூமெரிக்னா என்ன பண்ணும்னா, 199.50-ன்னு சரம் வடிவத்துல குடுத்தா கூட அதை எண்ணா மாத்தி ரியலா வச்சிடும், 199.00 குடுத்தா முழு எண் 199-ஆ வச்சிடும். ஒரே ஃபீல்டுல ஒரு வரிசை இன்டிஜர், அடுத்த வரிசை ரியல். நம்பிக்கை இல்லன்னா டைப்ஆஃப் ஃபங்ஷன் போட்டு உங்க டேபிளையே ஒரு தடவை பாருங்க.

இதுல ஒரு கூத்து, யாராவது ஃப்ளோட்டிங் பாயிண்ட்னு டைப் எழுதினா ஆங்கில எழுத்துல 'பாயிண்ட்'டுக்குள்ள 'இன்ட்' ஒளிஞ்சிருக்கிறதால அது இன்டிஜர் பக்கம் போயிடும். இது அவங்க ஆவணத்துலயே எழுதியிருக்கிற விஷயம் தான்.

கேள்வி: ரியலா இருந்தா இருந்துட்டு போகட்டும், அதுல என்ன குறை?

ரியல்னா 8 பைட் பைனரி மிதவைப்புள்ளி, சுருக்கமா ஃப்ளோட், ஐஇஇஇ 754-ன்னு 1985-ல வந்த தரம். அது ரெண்டின் அடுக்குகளை கூட்டித்தான் எந்த எண்ணையும் எழுதும், அரை, கால், அரைக்கால்னு. அரையும் காலும் கச்சிதமா வரும், பத்துல ஒரு பங்கு மட்டும் எத்தனை தடவை பாதி பாதியா வெட்டினாலும் முடியவே முடியாது. நாம ஒன்ன மூணால வகுத்தா 0.3333-ன்னு போய்க்கிட்டே இருக்குமே, அதே கதை தான். அதுனால 0.1-ன்னு நீங்க குடுத்தா அது 0.1000000000000000055-ன்னு ஒரு பக்கத்து எண்ணை வச்சுக்கும், 47.49 குடுத்தா 47.49000000000000198-ன்னு வச்சுக்கும்.

எஸ்க்யூலைட்ல 0.1 + 0.2 = 0.3 உண்மையான்னு ஒரு செலக்ட் போட்டு கேளுங்க, 0-ன்னு பதில் வரும். அதாவது பொய். வேர் கண்டிஷன்ல தொகைய சமம்னு ஒப்பிட்டு தேடுற யாருக்கும் இது ஒரு நாள் கண்டிப்பா கால வாரும்.

கேள்வி: ஆனா ஸ்க்ரீன்ல சரியா தானே காட்டுது?

காட்டும். அது தான் சிக்கலே. ரியல எழுத்தா மாத்தும்போது பல பதிப்புகள் 15 இலக்கத்துக்கு சுருக்கிடும், வால்ல இருக்கிற குப்பை கண்ணுக்கு தெரியாது, ஆனா கணக்குல இருக்கும்.

எனக்கு நடந்தத சொல்றேன். ஒரு மளிகை கடைக்கு பில்லிங் எழுதி குடுத்திருந்தேன், தொகை எல்லாம் டெசிமல்(10,2)ன்னு போட்டு. ராத்திரி கல்லா மூடும்போது பில் மொத்தத்துக்கும் நாள் அறிக்கைக்கும் மூணு பைசா இடிக்குது. அண்ணாச்சி ஃபோன் போட்டார், "தம்பி, மூணு பைசாவ நான் கேக்கல, எந்த பில்லுல போச்சுன்னு மட்டும் சொல்லு". என்னால சொல்ல முடியல. ஒவ்வொரு பில்லா எடுத்து பார்த்தா எல்லாமே சரியா இருக்கு. விடியற வரைக்கும் தேடினப்புறம் தான் பிடிபட்டது, பில் அச்சடிக்கிற இடத்துல ரெண்டு இலக்கத்துக்கு ரவுண்டு பண்ணியிருந்தேன், நாள் அறிக்கையில மட்டும் தொகைய 100-ஆல பெருக்கி இன்டிஜரா காஸ்ட், அதாவது வகை மாத்தம், பண்ணியிருந்தேன். 19.99-அ 100-ஆல பெருக்கினா 1998.9999999999998 வருது, காஸ்ட் பண்ணா தசமத்த வெட்டிடும், மீதி 1998. அதே மாதிரி 4.35 வந்தா 434, 1.15 வந்தா 114. எடை போட்டு விக்கிற உதிரி சாமான்ல அன்னைக்கு இந்த மூணு தொகையும் வந்திருந்தது, ஆளுக்கு ஒரு பைசா. மறுநாள் காலையில அண்ணாச்சிகிட்ட மூணு பில் நம்பரையும் எழுதி குடுத்துட்டு, அந்த வாரமே முழு டேபிளையும் மாத்தி எழுதினேன்.

கேள்வி: அப்போ எப்படி தான் வைக்கிறது?

பைசாவுல வைங்க. 199.50 ரூபாய 19950-ன்னு இன்டிஜரா வைங்க. கூட்டல், கழித்தல், ஒப்பிடுறது, வரிசைப்படுத்துறது, இன்டெக்ஸ் எல்லாமே முழு எண்ல நடக்கும், ஒரு துளி பிசகாது. புள்ளிங்கிறது மனுசன் பார்க்கிறதுக்கு மட்டும், அதை திரையில காட்டும்போது போட்டுக்கலாம். ரேஸர்பே மாதிரி பணம் வாங்குற சேவைங்க கூட தொகைய பைசாவுல தான் கேக்குறாங்க.

ஃபீல்டு பேர்லயே அலகு தெரியணும், வெறும் 'தொகை'ன்னு வைக்காம 'தொகை_பைசா'ன்னு வைங்க. ஏன்னா ரூபாயும் முழு எண், பைசாவும் முழு எண், ஒருத்தர் 200 ரூபாய்னு நினைச்சு 200 போட்டா எந்த டேட்டாபேஸும் தப்புன்னு சொல்லாது, பேரு தான் காப்பாத்தும்.

உள்ள வர்ற வாசல்லயும் கவனம் வேணும். பயனர் "19.99"-ன்னு தட்டினத ஃப்ளோட்டா மாத்திட்டு 100-ஆல பெருக்காதீங்க, எழுத்தா இருக்கும்போதே புள்ளிக்கு முன்னாடி ஒரு துண்டு பின்னாடி ஒரு துண்டுன்னு பிரிச்சு பைசா ஆக்குங்க, இல்லன்னா உங்க மொழியில இருக்கிற டெசிமல் வகை வழியா போங்க. ப்ரோக்ராம்கள் தகவல் பரிமாறிக்கிற ஜேசன் வடிவத்துல 19.99-ன்னு எண்ணா வந்தா பல மொழிகள் படிக்கும்போதே ஃப்ளோட் ஆக்கிடும், அதுனால ஏபிஐ எழுதுறது நீங்களா இருந்தா பைசாவாவோ மேற்கோளுக்குள்ள எழுத்தாவோ அனுப்புங்க.

கேள்வி: திரும்ப ரூபாயா காட்டும்போது 100-ஆல வகுத்தா போதுமா?

எஸ்க்யூலைட்ல இன்டிஜர இன்டிஜரால வகுத்தா மீதிய வெட்டிடும், 19950-அ 100-ஆல வகுத்தா 199 தான். 100.0-ஆல வகுத்தா ஃப்ளோட் ஆயிடும், காட்ட மட்டும்னா பரவால்ல, அதை திரும்ப சேமிச்சிடாதீங்க. ஈவும் மீதியும் தனித்தனியா எடுத்து ஒட்டுறது சுத்தம். ஆனா மைனஸ் தொகையில ஒரு பொறி இருக்கு: மைனஸ் 50 பைசாவ 100-ஆல வகுத்தா ஈவு 0, அதுல மைனஸ் குறி காணாம போயிடும், அரை ரூபாய் கடன் அரை ரூபாய் வரவா காட்டும். குறிய தனியா எடுத்து முன்னாடி ஒட்டுங்க.

கேள்வி: பெரிய தொகை எல்லாம் இன்டிஜர்ல அடங்குமா?

எஸ்க்யூலைட் இன்டிஜரோட உச்சம் 9223372036854775807. அதை பைசான்னு வச்சா 92 ஆயிரம் லட்சம் கோடி ரூபாய்க்கு மேல போகுது, கடை கணக்குக்கு கவலையே இல்ல. இடமும் மிச்சம், ரியல்னா 8 பைட், இன்டிஜர் எண்ணோட அளவ பொறுத்து சுருங்கும், 83,886 ரூபாய் 7 பைசா வரைக்கும் 3 பைட்டுலயே முடிஞ்சிடும்.

கவனிக்க வேண்டியது டேட்டாபேஸுக்கு வெளிய. ஜாவாவுல, காட்லின்ல இன்ட்னா 2147483647 வரைக்கும் தான், பைசாவுல பார்த்தா ரெண்டே கால் கோடி ரூபாய் கூட தாங்காது, அதுனால லாங் போடுங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல எண் எல்லாமே ஃப்ளோட், 9007199254740991 வரைக்கும் முழு எண் பத்திரம், அதுக்கு மேலன்னா பிக்இன்ட்.

கேள்வி: இன்டிஜர்னு போட்டாச்சு, இனிமே யாரும் 12.5 போட முடியாதுல்ல?

போட முடியும்! நிறைய பேர் நம்ப மாட்டேங்குறாங்க. சாதா டேபிள்ல இன்டிஜர் ஃபீல்டுக்கு 12.5 குடுத்தா எஸ்க்யூலைட் அப்படியே ரியலா வாங்கி வச்சுக்கும், 'பன்னிரண்டரை'ன்னு எழுத்துல குடுத்தா அதையும் வாங்கிக்கும். ஒரே ஒரு வரிசை இப்படி உள்ள புகுந்தா போதும், மொத்தம் கூட்டுற சம் ஃபங்ஷனோட மொத்த விடையும் ஃப்ளோட் ஆயிடும்.

தடுக்க ரெண்டு வழி. 3.37 பதிப்புல, 2021 நவம்பர்ல, ஸ்ட்ரிக்ட் டேபிள்னு ஒண்ணு வந்தது, கிரியேட் டேபிள் முடிவுல ஸ்ட்ரிக்ட்னு ஒரு வார்த்தை சேர்த்தா 12.5-அ பிழைன்னு திருப்பி அனுப்பிடும். (ஸ்ட்ரிக்ட்ல டெசிமல்னு டைப் எழுதவே விடாது, அந்த வகையில ரொம்ப நேர்மையானது.) பழைய பதிப்புன்னா, பல ஃபோன்ல பழசு தான் இருக்கும், டைப்ஆஃப் இன்டிஜரா இருக்கணும்னு ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது உள்ள வர்றத சோதிக்கிற விதி, போடுங்க. நான் செக் தான் போடுறேன், எல்லா இடத்துலயும் ஓடும்.

கேள்வி: ஜிஎஸ்டி கணக்குல பைசாவுக்கும் கீழ போகுதே, அங்க என்ன பண்றது?

இது தான் உண்மையான கேள்வி, இன்டிஜர் ஃப்ளோட் எல்லாம் இதுக்கு முன்னாடி சின்னது. 199.50 ரூபாய் பொருளுக்கு 18 சதவீதம்னு வைங்க. 19950 பைசாவுக்கு 18 சதவீதம் சரியா 3591 பைசா. ஆனா பில்லுல மத்திய வரி 9, மாநில வரி 9-ன்னு பிரிக்கணும். ஒவ்வொண்ணும் 1795.5 பைசா, அரை பைசாவ மேல தூக்கினா 1796, ரெண்டையும் கூட்டினா 3592. ஒரு பைசா கூடிடுச்சு. ரெண்டையும் கீழ வெட்டினா 3590, ஒரு பைசா குறையுது. இதுக்கும் ஃப்ளோட்டுக்கும் சம்பந்தமே இல்ல, பேப்பர்ல போட்டாலும் இப்படித்தான் வரும். வரி வரியா ரவுண்டு பண்றதா, பில் மொத்தத்துல பண்றதான்னு ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டு முடிவு பண்ணி, அதை ஒரே ஒரு ஃபங்ஷன்ல எழுதி, பில், அறிக்கை, ரிட்டர்ன் எல்லாமே அந்த ஒண்ணையே கூப்பிடுற மாதிரி வைங்க. கணக்கு போட்ட வரிய பில்லோட சேர்த்து சேமிச்சிடுங்க, அறிக்கையில திரும்ப கணக்கு போடாதீங்க. சட்டப்படி கட்டுற வரித் தொகைய முழு ரூபாய்க்கு ரவுண்டு பண்ண சிஜிஎஸ்டி சட்டம் 170-ஆவது பிரிவு சொல்லுது, 50 பைசாவோ அதுக்கு மேலயோ இருந்தா அடுத்த ரூபாய், கீழன்னா விட்டுடலாம்.

இன்டிஜர்லயே ரவுண்டு பண்றது ஈசி, வகுக்கிறதுக்கு முன்னாடி வகுக்கிற எண்ணுல பாதிய கூட்டிக்கணும். 19950 பெருக்கல் 9, அது 179550, அதோட 50 கூட்டி 100-ஆல வகுத்தா 1796. சரக்கு திரும்பி வந்து மைனஸ் பில் போடும்போது மட்டும் 50-அ கழிக்கணும், கூட்டினா மைனஸ் 1795 வரும், வித்த பில்லும் திரும்பின பில்லும் ஒண்ணுக்கொண்ணு கழியாம ஒரு பைசா அந்தரத்துல நிக்கும்.

வரி விகிதத்தையும் ஃப்ளோட்டா வைக்காதீங்க. தங்கத்துக்கு 3 சதவீதம், பட்டை தீட்டாத வைரத்துக்கு 0.25 சதவீதம்னு இருக்கு, அதுனால சதவீதத்துல நூறுல ஒரு பங்க அலகா எடுத்து 300, 25-ன்னு வச்சா எல்லாம் அடங்கிடும்.

எப்பவும் கீழயே வெட்டினா என்ன ஆகும்னு கேக்குறவங்களுக்கு, கனடாவுல வான்கூவர் பங்குச்சந்தை 1982-ல 1000 புள்ளியில ஒரு குறியீட்டு எண் ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் புதுசா கணக்கு போட்டு மூணு தசமத்துக்கு அப்புறம் வந்தத வெட்டிக்கிட்டே வந்ததுல 1983 நவம்பர்ல அது 524 சொச்சத்துல நின்னது. சரியா போட்டு பார்த்தா 1098 இருக்கணும்.

கேள்வி: எஸ்க்யூலைட்லயே ரவுண்டு ஃபங்ஷன் இருக்கே?

இருக்கு, அது ஃப்ளோட் மேல வேலை செய்யும். 9.95-அ ஒரு தசமத்துக்கு ரவுண்டு பண்ணா 10.0-க்கு பதிலா ஏன் 9.9 வருதுன்னு அவங்க ஆவணத்துலயே ஒரு கேள்வி இருக்கு. காரணம், 9.95-க்கு கிடைக்கிற பக்கத்து எண் 9.94999999999999928, அது அரைக்கு கீழ. ரவுண்டு பண்ணது தப்பில்ல, அதுக்கு குடுத்த எண்ணே 9.95 கிடையாது. காசுக்கு இதை நம்பாதீங்க.

கேள்வி: நகைக்கடை எடை, மியூச்சுவல் ஃபண்ட் யூனிட், குவைத் தினார் எல்லாத்துக்கும் பைசா பத்தாதே?

அலகு மாறும், முறை அதே தான். எடைய மில்லிகிராம்ல வைங்க, 7.965 கிராம்னா 7965. கிராம் 9000 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வச்சா 900000 பைசா, ரெண்டையும் பெருக்கினா 7168500000, அதை 1000-ஆல வகுத்தா 7168500 பைசா, அதாவது 71,685 ரூபாய். நடுவுல வர்ற பெருக்கல் விடைய பாருங்க, ஜாவா இன்ட்டுல அது அடங்காது, எஸ்க்யூலைட்ல தாராளமா அடங்கும். முதல்ல பெருக்கிட்டு கடைசியா வகுக்கணும், இந்த வரிசைய மாத்தினா பைசா சிந்தும்.

ஃபண்ட் யூனிட்டுக்கு மூணு தசமம், என்ஏவிக்கு, அதாவது ஒரு யூனிட்டோட மதிப்புக்கு, நாலு தசமம், அதுக்கு ஏத்த மாதிரி 1000-மும் 10000-மும். குவைத் தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ், ஜப்பான் யென்னுக்கு சில்லறையே இல்ல, அதுனால பல நாட்டு காசு கலந்து வர்ற ஆப்னா நாணயம் என்ன, அதுக்கு எத்தனை தசமம்னு தனி டேபிள் வேணும், எல்லாத்தையும் 100-ஆல பெருக்கினா வளைகுடாவுல இருந்து வீட்டுக்கு பணம் அனுப்புறவர் கணக்கு கெட்டுப்போகும். பிட்காயின் கூட அடங்கும், ஒரு காயினுக்கு 10 கோடி சடோஷி. எத்தீரியத்தோட காசான ஈதர் மட்டும் அடங்காது, 18 தசமம், இன்டிஜர் உச்சத்துல 9.22 ஈதர் தான் நிக்கும்.

கேள்வி: அப்படி அடங்காததுக்கு டெக்ஸ்ட்டா வைக்கலாமா?

வைக்கலாம், குடுத்த எழுத்து அப்படியே இருக்கும், 1.50-ல கடைசி சைபர் கூட போகாது. ஃபீல்டு டைப்ப டெக்ஸ்ட்னே எழுதணும், டெசிமல்னு எழுதிட்டு எழுத்தா குடுத்தா மேல சொன்ன மாதிரி ரியலா மாத்திடும்.

விலை என்னன்னா, வரிசைப்படுத்தினா அகராதி வரிசையில வரும், 100 முன்னாடி 20 பின்னாடி. 1.5-ம் 1.50-ம் வேற வேறன்னு யுனிக் (ஒரே மதிப்பு ரெண்டு தடவை வராம தடுக்கிற விதி) நினைச்சுக்கும். சம் போட்டா ஒரு எச்சரிக்கையும் இல்லாம ஃப்ளோட்டா மாத்தி கூட்டிடும், அதை தடுக்க நினைச்சு தான் டெக்ஸ்ட்டுக்கே போனோம்! டெக்ஸ்ட்டுன்னா கூட்டல் கழித்தல் எல்லாம் உங்க ப்ரோக்ராம் பக்கம், பைத்தான் டெசிமல்லயோ ஜாவா பிக்டெசிமல்லயோ தான்.

கேள்வி: டெசிமல் எக்ஸ்டென்ஷன்னு ஒண்ணு இருக்காமே?

3.34 பதிப்போட, 2020 டிசம்பர்ல வந்தது. எழுத்தா இருக்கிற தசம எண்களை எத்தனை இலக்கம்னாலும் துல்லியமா கூட்ட, கழிக்க, பெருக்க, ஒப்பிட ஃபங்ஷன் இருக்கு, டெசிமல் சம்னு மொத்தம் போடவும் இருக்கு, வரிசைப்படுத்த டெசிமல்னு ஒரு கொலேஷனும், அதாவது ஒப்பிடுற விதியும், இருக்கு. வகுத்தலுக்கு ஃபங்ஷன் இல்ல. நல்ல வேலைப்பாடு. ஆனா அது எஸ்க்யூலைட்டோட கமாண்ட் லைன்ல சேர்ந்தே வரும், லைப்ரரியில சேர்ந்து வராது, தனியா கம்பைல் பண்ணி ஏத்தணும். டெர்மினல்ல அழகா ஓடின குவெரி ஆப்ல அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லன்னு சொன்னா காரணம் இது தான். அந்த கொலேஷன வச்சு இன்டெக்ஸ் போட்டுட்டீங்கன்னா எக்ஸ்டென்ஷன் இல்லாத இடத்துல அந்த டேபிள்ல எழுத முடியாம தடுமாறும், அதை யோசிச்சுக்கோங்க.

கேள்வி: புது பதிப்புல சம் ஃபங்ஷன சரி பண்ணிட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே?

2023 ஆகஸ்ட்ல வந்த 3.43-ல ஃப்ளோட் கூட்டலுக்கு கஹான்-பாபுஷ்கா முறைய கொண்டுவந்தாங்க, கூட்டும்போது சிந்துற துணுக்குகளை தனியா சேர்த்து வச்சு கடைசியில சேர்க்கும். 0.1-அ சாதாரணமா ஆயிரம் தடவை கூட்டினா 99.9999999999986 வரும், இந்த முறையில அந்த விலகல் ரொம்ப குறையும். ஆனா ஒவ்வொரு எண்ணும் உள்ள போகும்போதே பக்கத்து எண்ணா தானே போகுது, அதை இது மாத்தாது. இன்டிஜர்னா சம் துல்லியமா கூட்டும், உச்சம் தாண்டினா பிழைன்னு கத்திடும். டோட்டல்னு இன்னொரு ஃபங்ஷன் இருக்கு, அது எப்பவுமே ஃப்ளோட் தான் தரும், பைசாவுக்கு அது வேணாம்.

கேள்வி: பைத்தான், ஜாங்கோ, ஆண்ட்ராய்டுல எல்லாம் தானா பார்த்துக்காதா?

பைத்தான்ல டெசிமல் பொருள நேரா குடுத்தா இந்த வகை தெரியாதுன்னு பிழை வரும், அடாப்டர் எழுதணும். டெசிமல் உருவாக்கும்போது ஃப்ளோட்டுல இருந்து உருவாக்காதீங்க, 19.99-அ மேற்கோள் இல்லாம குடுத்தா 19.98999-ன்னு குப்பையோட வரும். அதோட பைத்தான் டெசிமல் இயல்பா அரைய இரட்டைப்படை பக்கம் ரவுண்டு பண்ணும், கடையில எதிர்பார்க்கிறது அரைன்னா மேல, அதை நீங்க சொல்லணும். பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவோட டெசிமல் ஃபீல்டு எஸ்க்யூலைட்ல டெசிமல்னு டைப் போட்டு தான் டேபிள் கட்டும், ஆக உள்ள ரியல், வெளிய வரும்போது ரவுண்டு பண்ணி குடுக்கும். பைத்தான்ல டேட்டாபேஸோட பேசுற லைப்ரரியான எஸ்க்யூஎல்ஆல்கெமி இந்த விஷயத்துல நேராவே எச்சரிக்கை காட்டும், நிறைய பேர் அதை மூடி வச்சிடுறாங்க. ஆண்ட்ராய்டுல எஸ்க்யூலைட்ட கையாளுற ரூம் லைப்ரரியில பிக்டெசிமல் வேணும்னா டைப் கன்வெர்ட்டர் எழுதி லாங்கா மாத்துங்க.

கேள்வி: அப்போ ரியல் எதுக்குமே ஆகாதா?

சென்சார் வெப்பநிலை, தூரம், ஜிபிஎஸ் இடம் மாதிரி அளந்து எடுத்ததுக்கு ரியல் அருமை, அளவுக்கருவியோட பிழையே இதவிட பல மடங்கு பெருசு. எண்ணி எடுத்ததுக்கு, அதாவது காசுக்கு, வேணாம்.

கேள்வி: ரெண்டு வருசமா ரியல்ல ஓடிக்கிட்டிருக்கு, இப்ப எப்படி மாத்துறது?

எஸ்க்யூலைட்ல ஃபீல்டோட டைப்ப நேரா மாத்த முடியாது, புது டேபிள் கட்டி, பழசுல இருந்து நகல் எடுத்து, பழச தூக்கிட்டு பேர் மாத்தணும், எல்லாத்தையும் ஒரே ட்ரான்சாக்ஷனுக்குள்ள. முதல்ல ஃபைல நகல் எடுத்து வேற இடத்துல வைங்க. நகலெடுக்கும்போது 100-ஆல பெருக்கி, ரவுண்டு பண்ணி, அதுக்கப்புறம் தான் காஸ்ட், நடுவுல இருக்கிற ரவுண்ட விட்டா 19.99 எல்லாம் 1998 ஆயிடும்.

பேர் மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பரிசோதனை. ஒண்ணு, பழைய தொகைய 100-ஆல பெருக்கினதுக்கும் புது பைசாவுக்கும் வித்தியாசம் ஆயிரத்துல ஒரு பங்குக்கு மேல இருக்கிற வரிசை எதுன்னு தேடுங்க. இதுல ஏதாவது வந்தா அது ஃப்ளோட் குப்பை கிடையாது, யாரோ மூணு தசமத்தோட ஒரு தொகைய சேமிச்சிருக்காங்க, அதை கையால தான் பார்க்கணும். ரெண்டாவது, நாள்வாரியா புது மொத்தத்த எடுத்து ஏற்கனவே அச்சடிச்ச நாள் அறிக்கையோட ஒப்பிடுங்க. அண்ணாச்சி கடையில மாத்தினப்போ பதினோரு நாள் இடிச்சது, எல்லாம் ஒண்ணு ரெண்டு பைசா தான், ஒவ்வொரு நாளுக்கும் பில் நம்பரோட ஒரு தாள்ல எழுதி கணக்கு நோட்டுல ஒட்டிட்டு தான் பழைய டேபிள அழிச்சேன்.